பாரம் எழுதாத தாள்

தம்பி,

பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்துவிட்டு நீ கொழும்புக்குத் திரும்பிப் போய் இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. நீ போன அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் போக முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நீ எப்போதும் யாருடனாவது நின்றுகொண்டுதான் பேசுகிறாய். நானும் எல்லா அம்மாவையும் போல, சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இது அப்படிக் கேட்டுவிட்டு வைக்கிற விஷயம் இல்லை. நீளமாக இருக்கும். ஒரே மூச்சில் வாசிக்க முடியாவிட்டாலும் கடைசி வரைக்கும் வாசி. வாசித்த பிறகு இதை ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன் ஆபீஸில் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடமும் கொடு. அவர்களும் தாள் தயாரிக்கிறவர்கள்தானே.

அன்று மத்தியானம் நடந்தது உனக்கு மறந்துகூடப் போயிருக்கலாம். சாப்பாடு முடிந்து நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். நீ பையிலிருந்து அந்தக் கலர் தாளை எடுத்து மேசையில் விரித்தாய். மலைநாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் கிரீஸ் விற்கிற பொறுப்பு இனி உன்னுடையது என்றும், பொறுப்பேற்ற பிறகு நீயே தயாரித்த முதல் தாள் இதுதான் என்றும் சொன்னாய். ஒரு பக்கம் உங்கள் கம்பனியின் கிரீஸ், மறுபக்கம் இன்னொரு கம்பனியுடையது. தேய்மானத் தழும்பு என்ற வரியில் உங்களுக்கு 0.42, அவர்களுக்கு 0.48. பக்கத்தில் பச்சை எழுத்தில், பன்னிரண்டு வீதம் குறைந்த தேய்மானம் என்று போட்டிருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இது எத்தன கிலோ பாரத்துல ஓட்டினது?” என்று கேட்டார். அதெல்லாம் இதில் போடுவதில்லை, வாங்குகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை என்றாய். அவர் விடவில்லை. ரெண்டும் ஒரே பாரமா என்று மறுபடியும் கேட்டார். அப்போதுதான் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “கிரீஸ் போட மறந்து வேலைய விட்டு வந்தவர் நீங்க. எனக்கு நீங்க கிரீஸ் சொல்லித் தரப் போறீங்களா?”

அப்பா தாளை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். உன் முகம் கொஞ்சம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் அடுத்த நிமிஷமே நீ பஸ் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நான் குசினிக்குள் நின்று, கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. நீ அன்று சொன்னதை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தவள் நான். அது அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

நீ பிறந்து ஏழு மாதத்தில் நான் திரும்ப வேலைக்குப் போனேன். கண்டி டவுனில் ஓர் ஏஜென்சி. தேயிலை ஃபெக்டரிகளுக்கு பெல்ட், பேரிங், எண்ணெய், கிரீஸ் எல்லாம் கொடுப்பார்கள். அங்கே நான் டைப்பிஸ்ட். அப்பா கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் ஃபிட்டர். வாரம் முழுவதும் அங்கேயே குவாட்டர்ஸில் தங்கிவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவார். நாம் அப்போதும் அம்பிட்டியவில்தான் இருந்தோம், இதைவிட மேலே, படி ஏறிப் போகிற இரண்டு அறை வீட்டில். உன்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேன். முதலாளி கெட்டவர் இல்லை. உனக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் கேள்வி கேட்காமல் நேரத்தோடு அனுப்பிவிடுவார். ஆனால் என் வேலை நிரந்தரம் இல்லை. எப்போது நிரந்தரமாக்குவார் என்று ஒவ்வொரு மாதமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஏ.எல். வரைக்கும் சயன்ஸ் படித்தவள். கம்பனிகள் அனுப்புகிற ஆங்கிலத் துண்டுத் தாள்களில் இருப்பதை அந்தக் கடையில் விளங்கிக்கொண்ட ஆள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த வருஷம் முதலாளி புதிதாக ஒரு கிரீஸை எடுத்து விற்க ஆரம்பித்தார். தோட்டங்களில் ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருந்தது வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாள் டைப் பண்ணித் தரச் சொன்னார். இரண்டு கம்பனியின் துண்டுத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். நாலு உருண்டைச் சோதனை என்று நீ இன்று சொல்கிறாயே, அதை நான் முதலில் விளங்கிக்கொண்டது அந்த மேசையில்தான். விளையாடுகிற மாபிள் அளவில் மூன்று உருக்கு உருண்டைகளை ஒரு கிண்ணத்தில் அசையாமல் இறுக்கி, அவை மூடும்படி கிரீஸை நிரப்புகிறார்கள். நாலாவது உருண்டையை மேலே வைத்து, பாரம் கொடுத்து அழுத்தி, சூடாக்கி, ஒரு மணி நேரம் சுழற்றுகிறார்கள். பிறகு கீழே இருக்கிற மூன்றையும் துடைத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, மேல் உருண்டை உரசிய இடத்தில் விழுந்திருக்கிற வட்டத் தழும்பின் அகலத்தை அளக்கிறார்கள். மூன்றின் சராசரிதான் அந்த எண். எண் சின்னதாக இருந்தால் தேய்மானம் குறைவு. பழைய கிரீஸுக்கு 0.60 மில்லிமீட்டர். எங்கள் புதிய கிரீஸுக்கு 0.45. பார்த்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் அட்டவணைக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்தேன். பழையதை நாற்பது கிலோ பாரத்தில் சோதித்திருந்தார்கள். புதியதை இருபது கிலோவில். பாதிப் பாரத்தில் ஓட்டினால் தழும்பு சின்னதாகத்தான் விழும். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. இன்னொன்றும் இருந்தது. பழைய கிரீஸின் தாளில் வேறு ஒரு சோதனையின் எண்ணும் போட்டிருந்தது. பாரத்தை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வெல்டாகின்றன என்று பார்க்கிற சோதனை அது. அதில் எண் பெரிதாக இருந்தால்தான் நல்லது. புதிய கிரீஸின் தாளில் அந்த வரியே இல்லை. நான் இரண்டையும் சேர்த்தே டைப் பண்ணினேன். பாரத்துக்கு ஒரு நிரல், வெல்டாகிற அளவுக்கு ஒரு வரி, புதியதற்கு நேரே ஒரு கோடு. முதலாளி பார்த்தார். “இவ்வளவு எழுதினா யாரும்மா வாசிப்பாங்க? இந்தப் பாரம் இருக்கிற நிரல எடுத்துடுங்க. கோடு போட்ட வரியும் வேணாம், பாக்க நல்லா இல்ல” என்றார். நான் சொன்னேன், பாரம் இல்லாமல் போட்டால் இது பிழையான ஒப்பீடு சேர் என்று. சொன்னேன்தான். ஆனால் எப்படிச் சொன்னேன் என்றால், அவர் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் புதிய தாளை மெஷினில் ஏற்றி மறுபடி அடித்தேன். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

இதுவரைக்கும் நடந்ததை முதலாளியின் தலையில் போட்டுவிடலாம். இதற்குப் பிறகு நடந்தது முழுக்க என்னுடையது. தாளை அடித்த அந்த வாரத்துச் சனிக்கிழமை அப்பா வந்தபோது நான்தான் அந்தத் தாளின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். யாரும் கொண்டுபோகச் சொல்லவில்லை. என் கையால் அடித்த தாள், என் வீட்டுக்காரருடைய ஃபெக்டரியிலிருந்து ஓர் ஓர்டர் என் மூலமாக வந்தால் ஏஜென்சியில் எனக்கு மதிப்பு. அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தார். “இது நல்ல சாமான்தானா? நீ என்ன சொல்ற?” என்று கேட்டார். “எண்ணு சின்னதா இருந்தா தேய்மானம் கொறவுங்க” என்று சொன்னேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. இத்தனை வருஷமும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கியிருக்கிறேன். அவர் என்னை நம்பினார். திங்கட்கிழமை போய், ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் தாளைக் காட்டி, அவரே பேசி கிரீஸை மாற்ற வைத்தார்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மழை விட்டுக் கொழுந்து குவிந்த ஒரு வாரம். இலையை உருட்டுகிற பெரிய மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மெஷின் மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் பாரம் மொத்தமும் அதன் கிராங்க் பேரிங்கில் வந்து இறங்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்த பேரிங் இறுகிப் பிடித்தது. அதைத் தாங்கியிருந்த வார்ப்பிரும்பு உடைந்து, கிராங்க் கை விலகி, பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த செல்லமுத்து என்ற தொழிலாளியின் வலது கையில் அடித்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கை நேராகவில்லை. அப்பாவுக்குச் சமவயதுக்காரர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது.

தோட்டத்தில் விசாரணை வைத்தார்கள். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது அது சூட்டில் நீலம் பாய்ந்து, கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்ததாம். அப்பா ஒவ்வொரு நாளும் கிரீஸ் போட்டுக் கையெழுத்து வைத்த புத்தகம் இருந்தது. கையெழுத்து யாரும் வைக்கலாம் என்றார்கள். பிறகு என் தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். முன்பு பாவித்ததைவிட இது நல்ல கிரீஸ், இதோ எண் இருக்கிறது, நீயே கொண்டுவந்து கொடுத்த தாள், அப்படியிருக்க பேரிங் எப்படிக் கருகும், நீ போடாமல் விட்டால்தான் கருகும் என்றார்கள். அதற்கான, அவருக்குத் தெரியாத பதில் கண்டியில் ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்தது. விசாரணை நடந்த பத்து நாளும் நான் அந்த மேசையில்தான் வேலை செய்தேன். அந்த இரண்டு துண்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு கம்பளைக்கு பஸ் ஏறியிருந்தால் போதும். என் வேலை போய்விடும், இரண்டு பேர் சம்பளமும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், கைக்குழந்தை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். குவாட்டர்ஸில் இருந்த டிரங்குப் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை வீட்டுக்கு வந்தார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த கிரீஸ்தான் பேரிங்கைக் கெடுத்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. பேரிங்கே பழையதாக இருந்திருக்கலாம். பழைய கிரீஸை முழுவதும் துடைக்காமல் புதியதை அதன்மேல் போட்டதில், இரண்டும் ஒத்துப்போகாமல் இளகி வழிந்திருக்கலாம். அந்த வாரம் மெஷின் ஓடின ஓட்டமும் சாதாரண ஓட்டம் இல்லை. ஆய்வுகூடத்தில் உருண்டை உரசுவது ஒன்று, ஈரமும் தூசியும் அதிர்வுமாக ஒரு ஃபெக்டரியில் பேரிங் சுற்றுவது இன்னொன்று. ஆனால் பாரம் எழுதியிருந்தால் அப்பா கேட்டிருப்பார். வெல்டாகிற அளவுக்கு நேரே ஒரு கோடு இருப்பதைப் பார்த்திருந்தால், பாரம் கூடின இடத்துக்கு இது வேண்டாம், பாரம் குறைந்த ஃபேனுக்கு மட்டும் பாவிப்போம் என்றாவது சொல்லியிருப்பார். அவர் தொழில் தெரிந்தவர். அவர் கேட்பதற்கு இருந்த வழியை நான் டைப்ரைட்டரில் அடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து தெரியாது. அப்பாவுக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் அக்குறணையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றார். கடைக்காரர் ஹாஜியார் அவரை முதல் நாளிலிருந்தே நம்பினார். கடையின் இரும்புக் கதவுக்கே மாதம் தவறாமல் எண்ணெய் போடுகிற ஆள் மெஷினுக்குப் போடாமல் விட்டிருப்பாரா என்று அவர் மற்றவர்களிடம் சொல்வாராம். வெளி ஆளுக்கு இருந்த அந்த நம்பிக்கை நம் வீட்டுக்குள் இல்லை. உன் மாமா வந்து அப்பாவின் கவனயீனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் எழுந்துபோய் தேத்தண்ணி போட்டேன். நீ படிக்காமல் விளையாடப் போகும் நாட்களில், கவனமில்லாமல் இருந்தால் அப்பா மாதிரிக் கடையில்தான் நிற்க வேண்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் உன் கூட்டாளிகள் அக்குறணைப் பக்கம் போனபோது, நீ அந்தக் கடை இருக்கிற பக்கத்தைத் தவிர்த்து ரோட்டின் அடுத்த பக்கமாக நடந்துபோனதாக அப்பா ஒருநாள் சிரித்தபடி சொன்னார். அவர் உன்னைக் கண்டிருக்கிறார். அவர் உன்னைக் காணவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

உனக்கு மூன்று வயது இருக்கும்போது, அக்குறணைக் கடையில் பழைய ஃபைல்களை அடுக்கும் நேரம், அதே இரண்டு துண்டுத் தாள்களும் அப்பாவின் கையில் அகப்பட்டன. அந்தக் கடையிலும் இரண்டு கிரீஸும் விற்றிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பொடி எழுத்தில் இருபதின் மேலும் நாற்பதின் மேலும் பேனையால் வட்டம் போட்டிருந்தார். “ரெண்டும் ஒரே பாரம் இல்லையே. நீ டைப் அடிச்ச நேரம் இது இருந்துச்சா?” என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “இல்லீங்க. அப்ப வந்த தாளுல அப்படி ஒண்ணும் போட்டிருக்கல” என்றேன். சரி என்று தலையாட்டி, இரண்டையும் மடித்து அலுமாரியில் வைத்தார். முதல் முறை நான் பேசாமல் இருந்தேன். அன்று வாய் திறந்து பொய் சொன்னேன். நீ போயா லீவுக்கு வந்தபோது, அவர் உன்னிடமும் அதே பாரத்தைத்தான் கேட்டார். மூன்றாவது முறை, மறுபடியும் பேசாமல் நின்றேன்.

உன் தாளை நீ மேசையிலேயே விட்டுப் போயிருந்தாய். நான் எடுத்துப் பார்த்தேன். நீ ஏமாற்றுகிறாய் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை இரண்டும் ஒரே பாரத்தில், ஒரே வேகத்தில், ஒரே சூட்டில், ஒரே நேர அளவில் ஓட்டினதாகவே இருக்கலாம். அப்படியானால் அதை எழுது. எழுத இடம் இல்லையென்றால் பச்சை எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுது. அப்படியே இருந்தாலும் 0.42க்கும் 0.48க்கும் இடையில் என்ன இருக்கிறது என்று யோசி. ஒரே கிரீஸை ஒரே ஆள் ஒரே மெஷினில் இரண்டு தரம் ஓட்டினாலே இதைவிடக் கூட வித்தியாசம் வரலாம். நான் அதைப் பிறகு தேடி வாசித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே உன் பன்னிரண்டு வீதம் என்பது ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம். தழும்பு சின்னதாக இருக்கிற கிரீஸ் பாரம் ஏறும்போது தாங்கும் என்றும் இல்லை. அது வேறு சோதனை, வேறு எண். சில நேரம் பெரும்பாரம் தாங்குகிற கிரீஸ் தழும்புச் சோதனையில் கொஞ்சம் பின்னால் நிற்கும். எந்த மெஷின், எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம், தண்ணீர் படுமா என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் எந்த எண்ணைக் காட்டுவது என்று நீ முடிவு செய்ய வேண்டும். உன் தாளை வாங்கிப் பார்க்கப்போகிற ஃபிட்டர் உன்னைவிட ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவராக இருப்பார். அவர் உன்னை நம்பிப் போய் இன்னொருவரிடம் பேசுவார். ஏதாவது நடந்தால், உன் தாளை அவர் முன்னாலேயே வைப்பார்கள்.

நீ போன நாலாவது நாள் அப்பாவிடம் சொன்னேன். காலையில் மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானில் அடைத்திருந்த இலைகளை அவர் மண்வெட்டியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் படியில் நின்றுகொண்டு, முதலாளி சொன்னது, நான் இரண்டாம் தரம் அடித்தது, லாச்சியில் இருந்த தாள்கள், பிறகு சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. கான் முழுவதையும் துப்புரவாக்கி முடித்தார். மண்வெட்டியைக் கழுவி வைத்தார். கையைக் கழுவினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, “புள்ளைக்கு காய்ச்சல்னு நீ ஆள் அனுப்பின புதன்கெழம, நான் அவசரமா ஓடி வந்தேன். அன்னைக்குத்தான் நான் கிரீஸ் போடாம விட்டிருப்பேன்னு எனக்குள்ளயே முடிவு பண்ணியிருந்தேன். கையெழுத்து மட்டும் வச்சிட்டு வந்திருப்பேன்னு” என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, “செல்லமுத்து கைய நான்தான் ஒடச்சேன்னு இருந்தேன்” என்றார்.

தம்பி, இதை நீ இரண்டு தரம் வாசி. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. அவர் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்து, விடியும்வரை உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் உண்மை. செய்யாத ஒரு பிழையைத் தேடித் தேடி, கடைசியில் அந்த நாளில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். உன்னைப் பார்க்க ஓடி வந்ததால்தான் ஒரு மனுஷனின் கை போனது என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர், அதை உன்னிடமோ என்னிடமோ ஒருநாளும் சொன்னதில்லை. நீ அன்று சிரித்துக்கொண்டு சொன்னபோதும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் கிளம்பினார். அலுமாரியிலிருந்து அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போனதை மட்டும் கண்டேன். பொழுது சாய்ந்துதான் வந்தார். செல்லமுத்து இப்போது கம்பளையில், மகள் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாராம். அப்பா எல்லாவற்றையும் சொல்லித் தாள்களையும் காட்டினாராம். நான் சாப்பாடு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா சொன்னார். “அவன் கோவப்படல. தாள கையிலயும் எடுக்கல. ‘அண்ணே, இத நீங்க ஏன் வந்து சொல்றீங்க? தாள அடிச்சவங்க வந்து சொல்லட்டும்’னான்.”

அதற்குப் பிறகு ஐந்து நாள் நாங்கள் இருவரும் ஒரு வீட்டுக்குள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு இருக்கிறோம். நான் வைக்கிற சோற்றைச் சாப்பிடுகிறார். கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு வந்து சொன்னார். மற்றபடி ஒன்றும் இல்லை. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நீ எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அப்பாவோடு பேசு. என்ன பேசுவது என்று என்னிடம் கேட்காதே. அதைச் சொல்லித் தருகிற தகுதி எனக்கு இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் கம்பளைக்குப் போகிறேன். அந்த வீட்டு வாசலில் நின்று முதல் வார்த்தை என்ன சொல்லப்போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை. செல்லமுத்து உட்காரச் சொல்வாரா, கதவைச் சாத்துவாரா, எதுவும் தெரியாது. நேற்று அப்பாவிடம், நீங்களும் வாங்க என்று கேட்டேன். வர மாட்டேன் என்றார். இன்று காலையில் அவரே குசினி வாசலுக்கு வந்து, எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகிறாய் என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வருகிறேன் என்றார்.

அம்மா